பழைய காரின் காலிப்பர்: சீல் கிட் போதுமா, ஸ்லீவ் போடவேண்டுமா, மாற்றிவிடலாமா?

நெடுநாள் ஓடாமல் நின்ற பழைய காரில் சக்கரம் ஒன்று பிடித்துக்கொண்டால் பழி முதலில் காலிப்பர் மீதுதான், அதாவது பிஸ்டனால் பேடுகளை அழுத்தி டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் உறுப்பின் மீதுதான், விழும். உடனே கழற்றிவிட வேண்டாம். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் பெடலை ஒருமுறை நன்றாக அழுத்தி விடுங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போதே, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு அங்கேதான்: பிரேக் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கும், அல்லது பெடல் கம்பிக்கு இருக்கவேண்டிய இடைவெளி இல்லாமல் போயிருக்கும். விடுபடாவிட்டால் நட்டை இறுக்கிவிட்டுக் காலிப்பரில் காற்று எடுக்க வைத்த நிப்பிளைத் திறக்கவேண்டும். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் சுழன்றால், ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, போகும் அழுத்தத்தை விட்டுவிட்டுத் திரும்பும் அழுத்தத்தைத் தடுக்கிறது. அதற்குக் காலிப்பரில் எத்தனை வேலை செய்தாலும் தீராது. நிப்பிளைத் திறந்தும் பிடி விடவில்லை என்றால்தான் பிஸ்டனோ, பேடோ இறுகியிருக்கிறது என்று பொருள்.

ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து உடலே நகரும் வகைக் காலிப்பராக இருந்தால் இன்னொரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. பிஸ்டன் பக்கத்துப் பேட் கரைந்து, எதிர்ப்பக்கப் பேட் அப்படியே தடிமனாக இருந்தால், நின்றுபோனது பிஸ்டன் அல்ல, காலிப்பர் நகரும் பின்கள்தான். பின்களையும் அவற்றின் ரப்பர் உறைகளையும் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் வைத்தால் வேலை முடிந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகும் காலிப்பர்தான் என்று உறுதியானால், முன்னே நிற்கும் வழிகள் ஆறு. ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீலை மட்டும் மாற்றலாம். சீலோடு பிஸ்டனையும் மாற்றலாம். போரை, அதாவது பிஸ்டன் ஓடும் துளையை, கடைந்து ஸ்லீவ் என்னும் குழல் போடலாம். பழையதைக் கொடுத்து, புதுப்பித்த வேறொன்றை வாங்கலாம். புதிதாக வார்த்த நகலை வாங்கலாம். அல்லது வேறு காரின் பெரிய காலிப்பருக்கு மாறலாம். எது சரி என்பதைத் துருவின் அளவைப் பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கம். ஆனால் அதற்கு முன்பே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

சீல் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பெரும்பாலான காலிப்பர்களில் சீல், காலிப்பர் உடலின் போருக்குள் வெட்டிய காடியில் உட்கார்ந்திருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும் ரப்பர் வளையம் அது. பிஸ்டன் அதன் நடுவே வழுக்கிப் போகிறது. பெடலை அழுத்தும்போது சீலின் உள்விளிம்பு பிஸ்டனோடு சேர்ந்து சற்று முறுகும். விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனை மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பின்னுக்கு இழுக்கும். பேட் டிஸ்கை விட்டு விலகுவது இந்த முறுக்கத்தால்தான், தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது.

ஆயிலை அடைத்து நிறுத்தும் பரப்பு எது என்று பாருங்கள். பிஸ்டனின் வெளித்தோலும் காடியின் உட்புறமும் மட்டுமே. போரின் சுவர் பிஸ்டனுக்கு வழிகாட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே இந்த வகையில் போர் சுவரில் புள்ளி புள்ளியாகத் துரு தின்றிருந்தாலும், பிஸ்டன் தடையில்லாமல் நகரும்வரை ஆயில் கசியாது. இது தெரியாமல் நல்ல உடலைக் கழித்துக்கட்டுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் ஸ்லீவுக்கு அனுப்புகிறார்கள்.

இரண்டாவது வகையில் சீல் பிஸ்டனோடு சேர்ந்து நகரும். அங்கே அடைக்கும் பரப்பு போரின் சுவரேதான், சீல் நடக்கும் பாதையில் ஒரு சிறு குழி விழுந்தாலும் கசியும். 1965 முதல் 1982 வரை வந்த கார்வெட்டின் நான்கு பிஸ்டன் காலிப்பர் இதற்குப் பேர்போனது. ஜாகுவாரின் எக்ஸ்கே150, மார்க் 2, முதல் தலைமுறை இ-டைப் கார்களில் வந்த டன்லப் காலிப்பரும் இந்த இனம்தான். அதில் சிலிண்டர்கள் தனித் துண்டுகளாக உடலில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும்.

ஆறு வழிகளில் எது என்பதை இந்த ஒரு வேறுபாடே பெரும்பாலும் தீர்த்துவைக்கும். முதல் வகை என்றால் பணத்தைப் பிஸ்டனில் போடுங்கள். இரண்டாவது வகை என்றால் போரில்.

சீல் மட்டும் மாற்றுவது

கிட்டில் வருவது சதுர சீல், தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறையான டஸ்ட் பூட், சிலவற்றில் பூட்டைப் பிடிக்கும் வளையம். வேலை எளிது, செலவு குறைவு. ஆனால் பிஸ்டனின் தோல் கண்ணாடி மாதிரி இருந்தால் மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு. விரல் நகத்தைப் பிஸ்டனின் மேல் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், எங்காவது நகம் தட்டினால் அந்தப் பிஸ்டன் ஆகாது.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய பேட் தேய்ந்திருக்கும்போது பிஸ்டன் வெகுதூரம் வெளியே வந்திருக்கும். சீலுக்குக் கீழே இருப்பது பிஸ்டனின் அடிப்பகுதி, அது ஆயிலில் நனைந்து துருப்பிடிக்காமல் இருக்கும். வெளியே நீட்டியிருக்கும் மேல்பகுதிதான் கிழிந்த பூட் வழியாக ஈரம் புகுந்து துருவேறும். அதுவரை கசிவே தெரியாது. புதுப் பேட் போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் துருவேறிய அந்தப் பகுதி நேராகச் சீலுக்கு அடியில் போய் நிற்கிறது. சீல் கிழிகிறது, அல்லது பிஸ்டன் அங்கேயே இறுகிக்கொள்கிறது. "புதுப் பேட் போட்டதிலிருந்துதான் பிரச்சினை" என்று பேடைத் திட்டுவது இதனால்தான். ஆகவே பிஸ்டனை முழு நீளத்துக்கும் பார்க்கவேண்டும், இப்போது சீல் தொடும் இடத்தை மட்டும் அல்ல.

துருப்பிடித்த பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் போடுவது தற்கொலைக்குச் சமம் என்று சொல்லமாட்டோம், ஆனால் வீண்வேலை. இரும்புப் பிஸ்டனின் மேல் இருப்பது மெல்லிய குரோம் பூச்சு. துரு பூச்சுக்கு அடியில் பரவி அதைக் கொப்புளமாகத் தூக்குகிறது. மேலே தேய்த்தால் இருக்கும் குரோமும் போய், வெறும் இரும்பு சீலோடு உரசும். அலுமினியப் பிஸ்டனிலும் இதே கதைதான், அதன் கடினமான ஆனோடைஸ் தோல் ஒருமுறை போனால் திரும்பி வராது.

சீலோடு பிஸ்டனும்

காடியில் சீல் உட்காரும் காலிப்பருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், அதுவும் ஸ்டெயின்லெஸ் பிஸ்டன். உடல் காரோடு வந்த அசல் வார்ப்பு, அதன் மரைகள் உங்கள் குழாய்க்குப் பொருந்தும், பேட் உட்காரும் இடம் பழக்கப்பட்டது. பெரும்பாலும் கெட்டுப்போகிறவை சீலும் பிஸ்டனும்தான், இரண்டும் புதிதாகிவிடுகின்றன.

ஸ்டெயின்லெஸ் வெப்பத்தை ஆயிலுக்கு அதிகம் கடத்தும் என்ற பயம் சிலருக்கு உண்டு. உண்மை நேர்மாறானது. சாதாரண எஃகின் வெப்பம் கடத்தும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஸ்டெயின்லெஸுக்கு. அமெரிக்கக் கார்கள் பலவற்றில் வந்த ஃபீனாலிக் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் பிஸ்டன் இதிலும் ஒரு படி மேல், வெப்பத்தைக் கிட்டத்தட்டக் கடத்தாது, துருப்பிடிக்கவும் செய்யாது. ஆனால் விளிம்பு உதிரும், வெடிப்பு விடும், ஈரம் ஏறினால் சற்றுப் பருத்துப் போரில் இறுகும். அசலாக ஃபீனாலிக் வந்த காரில் புது ஃபீனாலிக்கே போடலாம், பழையதைத் திரும்பப் போடவேண்டாம்.

பிஸ்டன் வந்ததும் பெட்டியோடு நம்பிவிடாதீர்கள். மைக்ரோமீட்டரால் அளந்து பழையதோடு ஒப்பிடுங்கள். பிரிட்டிஷ் கார்களில் பரவலாக வரும் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த அந்தப் பிஸ்டன் உண்மையில் 2⅛ அங்குலம், அதாவது 53.98 மி.மீ., நடைமுறையில் 54 என்றே விற்கப்படுகிறது. அளவைவிட முக்கியம் அடிவிளிம்பின் சரிவு. உள்ளே போகும் முனையில் வழவழப்பான சரிவு இல்லாமல் கூர்மையாக விட்டிருந்தால், போடும்போதே சீலில் மெல்லிய சீவல் எடுத்துவிடும். டஸ்ட் பூட் உட்காரும் பள்ளம் பழையதில் இருந்த அதே உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏடிஇ நிறுவனத்தின் காலிப்பர் வந்த ஜெர்மன், ஸ்வீடன் கார்களில் பிஸ்டன் முகத்தில் ஒரு பக்கம் படி வெட்டியிருக்கும். அது டிஸ்க் காலிப்பருக்குள் நுழையும் பக்கத்தை நோக்கி, 20 டிகிரி கோணத்தில் நிற்கவேண்டும். பேட் கீச்சிடாமல் இருக்க வைத்த ஏற்பாடு. எப்படியோ திருப்பிப் போட்டால் பிரேக் பிடிக்கும், ஆனால் கத்தும். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது.

ஸ்லீவ்

சீல் நகரும் வகைக்கு இதுதான் நிரந்தரத் தீர்வு. போரைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளைக் குழலை இறக்கி, மீண்டும் அசல் அளவுக்குக் கொண்டுவருவார்கள். கார்வெட்டும் டன்லப்பும் வைத்திருப்பவர்கள் ஹோனிங் செய்து, அதாவது போரை உரைகல்லால் தேய்த்து, இன்னொரு வருடம் ஓட்டலாம் என்று நினைப்பது, ஓட்டை விழுந்த கூரைக்குப் பந்தல் போடுவது மாதிரி. ஹோன் ஓட்டினால் குழி மறைவதற்குள் போர் பெரிதாகி, சீலின் பிடி தளர்ந்துவிடும்.

குழலின் உலோகம் உடலைப் பொறுத்தது. ஒரு டிகிரி வெப்பத்துக்கு வார்ப்பிரும்பு மில்லியனில் சுமார் 11 பங்கு விரியும், ஸ்டெயின்லெஸ் 17, பித்தளை 19, அலுமினியம் 23. வார்ப்பிரும்பு உடலில் எந்தக் குழலும் சூடானால் இன்னும் இறுகும், கவலை இல்லை. அலுமினிய உடலில் நிலைமை தலைகீழ். உடல்தான் அதிகம் விரிந்து குழலைத் தளர்த்தும். அழுத்திப் பொருத்துவதோடு நிறுத்தாமல் பசை, தோள் போன்ற பிடிமானம் எப்படித் தருகிறார்கள் என்று வேலை எடுப்பவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அலுமினிய காலிப்பரை அங்கே கொடுக்கவேண்டாம்.

காடி வகைக்கு ஸ்லீவ் போடவேண்டிய ஒரே சூழ்நிலை, காடியின் தரையிலோ விளிம்பிலோ துரு ஆழமாகத் தின்றிருப்பது. அப்போது குழலுக்குள் புதிதாகக் காடி வெட்டவேண்டும். அந்தக் காடி சாதாரணப் பள்ளம் அல்ல. அதன் அகலமும் ஆழமும் சரிவும்தான் சீல் எவ்வளவு முறுகும், பிஸ்டன் எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நல்ல கடைசல்காரர் என்பது மட்டும் போதாது, காலிப்பரே தொழிலாக வைத்திருப்பவர் வேண்டும். இல்லாவிட்டால் கசியாது, ஆனால் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

ஸ்லீவ் போட்டும் கார்வெட்டின் இன்னொரு நோய் போவதில்லை. அதில் பிஸ்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங் இருக்கிறது, பேட் எப்போதும் டிஸ்கைத் தொட்டபடியே ஓடும். டிஸ்க் கோணலாகச் சுற்றினால் பிஸ்டன்கள் உள்ளும் வெளியுமாக ஆடும், உதடு மாதிரியான சீல் ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் காற்றை உள்ளே இழுக்கும். ஆயில் ஒரு சொட்டும் கசியாமல் பெடல் மட்டும் நாளுக்கு நாள் பஞ்சு மாதிரி ஆவது இதனால்தான். டயல் கேஜ் வைத்து டிஸ்கின் ஆட்டத்தை 0.1 மி.மீ.-க்குக் கீழே கொண்டுவராமல் காலிப்பருக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

கொடுத்து வாங்குவதும், புதிய நகலும்

பழைய காலிப்பரைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்குவதில் நேரம் மிச்சம். பறிகொடுப்பது அசல் உடல். திரும்பி வருவது யாருடைய காரில் எப்படி அடிபட்டது என்பது தெரியாது. பளபளவென்று பூச்சு அடித்திருக்கும். நீங்கள் பார்க்கவேண்டியது பூச்சை அல்ல: இரு பாதிகளைப் போல்ட்டால் சேர்த்த காலிப்பரானால் அவற்றின் வார்ப்பு எண்கள் ஜோடியா, நிப்பிள் மரை கடைந்து பெரிதாக்கப்பட்டிருக்கிறதா, பேட் உட்காரும் தோள்கள் தேய்ந்து படி விழுந்திருக்கின்றனவா, பிஸ்டன்கள் எல்லாம் ஒரே மாதிரியா. வெவ்வேறு காலிப்பர்களின் பாதிகளை ஒட்டவைத்தால் நடுவிலுள்ள ஆயில் துளைகள் நேருக்கு நேர் வராமல் போவதும் உண்டு. உங்கள் பழைய உடல் நன்றாக இருந்தால் இந்த வழிக்கு நாங்கள் ஆதரவில்லை.

ஒரே விலக்கு, கைபிரேக் பொறிமுறை பிஸ்டனுக்குள்ளேயே அடங்கிய பின்பக்கக் காலிப்பர். பிஸ்டனைத் தள்ளி உள்ளே அனுப்ப முடியாது, திருகித்தான் அனுப்பவேண்டும். உள்ளே தானாகச் சரிசெய்துகொள்ளும் திருகு, ஸ்பிரிங், நெம்புகோல் தண்டின் சீல் என்று பல உருப்படிகள். சாதாரண கிட்டில் இவை வருவதில்லை. தண்டின் சீல் வழியாக ஈரம் போய்த் துருவேறியிருந்தால், அதையே செய்து பழகியவரிடம் உங்கள் காலிப்பரைக் கொடுத்துச் செய்து வாங்குவது மேல். அது முடியாவிட்டால் கொடுத்து வாங்குவதும் தப்பில்லை.

புதிய நகல்களில் நல்லவையும் உண்டு. சிக்கல் பெரும்பாலும் மரையில் வரும். ட்ரையம்ஃப் டிஆர் வரிசைக் கார்களின் கர்லிங் காலிப்பரில் 16பி என்பது அங்குல மரை, 16பிபி என்பது மெட்ரிக் மரை. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 3/8 அங்குல, அங்குலத்துக்கு 24 இழையுள்ள யுஎன்எஃப் என்னும் அங்குல மரை நட்டின் விட்டம் 9.53 மி.மீ., இழை இடைவெளி 1.06. மெட்ரிக் எம்10 துளைக்கு விட்டம் 10, இடைவெளி 1. அங்குல நட்டு மெட்ரிக் துளைக்குள் கையாலேயே சுழன்று போகும், இறுகினது போலவும் தோன்றும். அவசரமாக பிரேக்கை மிதிக்கும் அன்று மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். கையால் திருகும்போது ஆடினால், அல்லது இரண்டு மூன்று சுற்றிலேயே கடித்தால், நிறுத்திவிட்டு மரை கேஜால் அளந்துவிடுங்கள். குழாயின் முனை வடிவமும் துளையின் அடிப்பகுதி வடிவமும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும், இரட்டை மடிப்பு முனைக்கும் குமிழ் முனைக்கும் உட்காரும் இடம் வேறு வேறு.

பெரிய காலிப்பருக்கு மாறுவது பற்றி

கணக்குப் போடாமல் இறங்குபவர்கள்தான் இதில் அதிகம். எதிரெதிர்ப் பிஸ்டன் காலிப்பரில் ஒரு பக்கத்துப் பரப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 54 மி.மீ. பிஸ்டன் ஒன்றின் பரப்பு 22.9 சதுர செ.மீ. அதற்குப் பதில் பக்கத்துக்கு இரண்டு 38 மி.மீ. பிஸ்டன் வந்தால் 22.7. அழுத்தமும் பெடல் தூரமும் கிட்டத்தட்ட மாறாது, பேட் மட்டும் பெரிதாகும். பக்கத்துக்கு இரண்டு 41 மி.மீ. என்றால் 26.4, அதாவது 15 சதவீதம் கூடுதல். அதே மாஸ்டர் சிலிண்டரில் முன்சக்கரங்களுக்கு 15 சதவீதம் அதிக ஆயில் போகவேண்டும், பெடல் கீழே இறங்கும், பிரேக்கின் பங்கு முன்னுக்குச் சாயும், முன்சக்கரம் சீக்கிரம் பூட்டும். மலைப்பாதையில் தொடர்ந்து ஓட்டும் காருக்கு மேலும் பெரிய டிஸ்கோடு சேர்த்து இந்த மாற்றம் பொருந்தலாம். பிரேக் பிடித்துக்கொள்கிறது என்பதற்காக இதைச் செய்வது பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

எந்த வழியானாலும் எட்டும் இடத்தைப் பாருங்கள்

ஜாகுவார் இ-டைப், எக்ஸ்ஜே, ரோவர் பி6, ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டா போன்றவற்றில் பின் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, வண்டியின் நடுவில் டிஃபரென்ஷியலை ஒட்டி இருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். ஒரு சீலுக்காக அவ்வளவு கழற்றிவிட்டு, பிஸ்டனைப் பழையதாகவே விடக்கூடாது. அங்கே காற்றோட்டம் குறைவு, சூட்டில் சீல் சீக்கிரம் கெட்டிப்படும். டிஃபரென்ஷியலின் வெளிச்சீல் கசிந்தால் எண்ணெய் நேராக டிஸ்கில் படும். கையோடு கையாக அந்தச் சீல், ஹோஸ், கைபிரேக் பேட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

வேலையில் வெற்றி தோல்வி தீர்மானமாகும் இடங்கள்

இறுகிய பிஸ்டனை எடுக்கச் சிறந்த கருவி பெடல்தான். காலிப்பரைக் குழாயோடு விட்டுவிட்டு, பேடை எடுத்து, பெடலை அழுத்தி வெளியே கொண்டுவாருங்கள். ஒரு பிஸ்டன் முந்திக்கொண்டால் அதை சி-கிளாம்பால் பிடித்து மற்றதை வரவையுங்கள். முற்றிலும் வெளியே விழும் முன் நிறுத்திவிடுங்கள். குழாயைக் கழற்றிவிட்ட காலிப்பருக்கு கிரீஸ் கன் கை கொடுக்கும். நிப்பிள் துளையில் பொருத்தி, மற்றத் துளையை அடைத்து அழுத்தினால் காற்றைவிடப் பன்மடங்கு அழுத்தத்தில், ஆனால் மெதுவாக, பிஸ்டன் வரும். பிறகு கிரீஸ் துளி மிச்சமில்லாமல் எல்லாப் பாதையையும் பிரேக் கிளீனரால் கழுவவேண்டும். கம்ப்ரஸர் காற்றில் எடுப்பது கடைசி வழி. மரக்கட்டை வைத்து, துணி சுற்றி, குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். பிஸ்டன் குண்டு மாதிரி வரும், எதிரே விரல் இருந்தால் விரல் இருக்காது.

நிப்பிள் முறியும் என்று தெரிந்தால் ஸ்பேனரை வைத்து மல்லுக்கு நிற்காமல், முதலில் தலையில் சுத்தியலால் நேராகத் தட்டி, சுற்றிலும் சூடுபடுத்தி, ஆறு பக்கமும் பிடிக்கும் பாக்ஸால் இறுக்கும் பக்கம் சற்றே அசைத்துவிட்டுத் திறங்கள். சூடுபடுத்துவதானால் உள்ளே ஆயிலும் சீலும் இருக்கக்கூடாது.

இரு பாதிகளைப் பிளப்பதா என்பது பழைய சர்ச்சை. பிளக்காதே என்றுதான் பழைய கையேடுகள் பலவும் சொல்கின்றன. பிளக்காமலே பிஸ்டனும் சீலும் வந்துபோகுமானால் அப்படியே விடுவதே மேல். நடுச்சீலில் கசிவு இருந்தாலோ, காடியைச் சுத்தம் செய்யக் கை போகாவிட்டாலோ பிளக்கத்தான் வேண்டும். அப்போது நடுத்துளையின் சீல், கிளைகால் வகை பிரேக் ஆயிலுக்கான ரப்பரில் வேண்டும். டப்பாவில் கலந்து கிடக்கும் சாதாரண நைட்ரைல் ஓ-ரிங் ஆயிலில் ஊறி வீங்கும். போல்ட்டுகள் அதே தரத்தில் புதியவை, இறுக்கும் அளவு உங்கள் காரின் கையேட்டில் உள்ளபடி. பழைய போல்ட்டுகளைப் பளபளப்புக்காக மின்முலாம் பூசக் கொடுக்காதீர்கள், அதிக வலுவுள்ள எஃகு முலாம் தொட்டியில் ஹைட்ரஜனை உறிஞ்சி, பிறகு ஒருநாள் சொல்லாமல் உடையும்.

உடலைச் சுத்தம் செய்யும்போது மணல், கண்ணாடித் துகள் அடிப்பதானால் எல்லாத் துளையும் அடைத்தாகவேண்டும். ஒரு துகள் பாதைக்குள் மாட்டினால் அது வெளியே வரும் இடம் உங்கள் புதுச் சீல். பூச்சு எதுவானாலும் பேட் நகரும் தோள், காலிப்பர் மாட்டும் காது, இரு பாதி சேரும் முகம் ஆகியவற்றில் படக்கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது காடி. பழைய சீலை எடுத்ததும் காடிக்குள் பார்த்தால் பழுப்புப் பொருக்கோ, அலுமினிய உடலில் வெள்ளைப் பொடியோ கெட்டியாகப் படிந்திருக்கும். அதை விட்டுவிட்டுப் புதுச் சீலைப் போட்டால், சீல் வெளியே தள்ளப்பட்டுப் பிஸ்டனை இறுகப் பிடிக்கும். எல்லாம் புதிது, ஆனால் சக்கரம் சூடாகிறது என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பித்தளைக் கொக்கியோ, முனையை வளைத்துத் தீட்டிய கெட்டிப் பிளாஸ்டிக்கோ கொண்டு மூலைவரை சுரண்டுங்கள். எஃகு ஊசி காடியில் கீறல் போடும். அரைமணி நேரம் பிடித்தாலும் இதில் அவசரம் காட்டாதீர்கள்.

சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து, முறுகாமல் காடியில் உட்காரவைத்து, பிஸ்டனைக் கட்டைவிரல்களால் நேராக அழுத்தினால் போகவேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பிஸ்டன் சாய்ந்திருக்கிறது, எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். டஸ்ட் பூட்டுக்கு உள்ளே சிவப்பு ரப்பர் கிரீஸ் பூசலாம். சாதாரண கிரீஸோ என்ஜின் ஆயிலோ பட்ட ரப்பர் வீங்கிவிடும்.

ஆயில் எது

ரப்பர் எல்லாம் புதிதாகும் இந்த நேரத்தில்தான் டாட் 5 என்னும் சிலிக்கான் பிரேக் ஆயிலுக்கு மாறும் ஆசை வரும். பெயின்ட்டைத் தின்னாது, ஈரத்தை உறிஞ்சாது என்பதால் வருடத்தில் சில நாட்களே வெளியே வரும் காருக்கு அது பொருந்தும். ஆனால் உறிஞ்சாத ஈரம் காணாமல் போவதில்லை. சொட்டாக இறங்கித் தாழ்வான இடத்தில், அதாவது காலிப்பரிலேயே, தேங்கும். காற்று எடுப்பதும் பொறுமையைச் சோதிக்கும். மாறுவதானால் காலிப்பர் மட்டும் போதாது, மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், குழாய் எல்லாம் சுத்தமாகவேண்டும், பழைய ஆயிலோடு கலக்கக் கூடாது. ஓட்டுகிற காருக்குக் கிளைகால் வகையான டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இந்த வீழ்ச்சிக்காகத்தான். டாட் 5.1 என்ற பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், அது சிலிக்கான் அல்ல, டாட் 4-இன் இனம். சிட்ரோயன் டிஎஸ் மாதிரி பச்சைக் கனிம எண்ணெயில் ஓடும் கார்கள் தனி உலகம், அங்கே சீலும் வேறு, இங்கே சொன்ன ஆயில் எதுவும் ஆகாது.

பூட்டிய பிறகு

நிப்பிள் மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடது வலது மாறிப் பூட்டினால் நிப்பிள் அடியில் போய், எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் மேலே தங்கிய காற்று வராது. இரண்டு சுற்றுள்ள நான்கு பிஸ்டன் காலிப்பரில் நிப்பிள் ஒன்றுக்கு மேல் இருக்கும், எல்லாவற்றிலும் எடுக்கவேண்டும்.

பிறகு பெடலைப் பலமாக மிதித்துச் சில நிமிடம் பிடித்துக் கசிவு பாருங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அழுத்தம் ஏற ஏறச் சதுர சீல் இன்னும் இறுக்கமாக அடைக்கும். ஆகவே மிதிக்கும்போது கசியாதது சும்மா நிற்கும்போது கசியலாம். ஒரு இரவு அப்படியே விட்டு, காலையில் டஸ்ட் பூட்டின் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் பிஸ்டனை எடுத்துவிட்டு முதலில் காடிக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், சீல் விற்றவரிடம் சண்டைக்குப் போவது அதற்கப்புறம்.